கூரைமேல் வெள்ளை

ஏப்ரல் 18, 2023
திருமலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாத கூரைக்கு எங்கள் அலுவலகம் வெள்ளை அடிக்காது. சந்தேகமே இல்லை. இன்று அலிபிரி சாலையை நடந்தே பார்த்தேன். சாலையோரத்துக் காங்கிரீட் மாடிகள் எல்லாம் பளிச்சென்று வெள்ளை. அந்த வீடுகளுக்கு ஏசி உண்டு. பின்னால் லாண்டரிக்காரர்கள் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அங்கே ஒரு துளி பெயின்ட் விழவில்லை.

வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயின்ட் அது. கூரைக்கு அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும். சூட்டில் வேகிறவர்களுக்காக எழுதிய திட்டம். அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகத்தான் என்னை 'ஃபெல்லோ' என்று எடுத்தார்கள்.

ஏப்ரல் 20
இன்ஜினியர் நாராயணசாமியிடம் கேட்டேன்.

"மொதல்ல நாலு பேர் கண்ணுல படணும்மா யமுனா. அப்பதான் அடுத்த வருசம் ஃபண்ட் வரும். பின்தெருவ ரெண்டாவது ரவுண்டுல பாத்துக்கலாம். டிசம்பர்ல."

"டிசம்பர்ல யாருக்கு சார் வேர்க்கும்?"

"உங்க குப்பம் ஊருப் பக்கத்துப் பொண்ணுங்களுக்கே வாய் ஜாஸ்தி" என்று சிரித்தார்.

வந்த புதிதில் எனக்கு விடுதியில் இடம் வாங்கித் தந்தவர் இவர்தான். இப்படிப்பட்டவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

ஏப்ரல் 27
லாண்டரித் தெருவில் வள்ளி வீட்டுக்குப் போனேன். நகரிக்காரர்கள். அங்கே விசைத்தறி ஓட்டினார்கள். தறி நின்றதும் இங்கே வந்தார்கள். கணவன் அண்ணாதுரை லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறான். பெண் குழந்தை, பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் வேர்க்குரு.

"தொட்டா தோசக்கல்லு மாதிரி சுடுதுக்கா. குளிர்ச்சியான ரூம்புல வெய்யின்னாரு டாக்டரு. அது எந்தக் கடையில சார் விக்கிதுன்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு."

லாட்ஜில் கழித்த விரிப்பை நனைத்து ஏணையைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறாள். அது காய்வதற்குள் அடுத்ததை நனைக்கிறாள். இருப்பது ஒரே மேசை ஃபேன். அதைக் குழந்தையிடமிருந்து என் பக்கம் திருப்பினாள். "உனுக்கு வேர்க்குது பாரு."

நான் மறுபடி குழந்தை பக்கம் திருப்பினேன். மோர் தந்தாள். குடித்தேன். இன்ஜினியர் சொன்ன டிசம்பர் கதையையும் சொல்லிவிட்டேன். வள்ளி அடுத்த விரிப்பை நனைக்கப் போனாள். மூலையில் சோறு தின்றுகொண்டிருந்த அண்ணாதுரை மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

மே 2
நைனா, என் அப்பா, போன் செய்தார். தினமும் குடுபல்லியில் ரயிலேறி பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். எல்லாவற்றையும் கொட்டினேன். வேலையை விட்டுவிடட்டுமா என்றேன்.

"வுட்டுட்டு வந்து? இங்க இன்னா, மாடியில மல்லாந்து படுத்துக்கினு திட்டுவியா? அங்கயே இரு. கேட்டுக்கினே இரு. கேக்குற எடத்துல ஒக்காற நம்மள்ல இதுக்கு முன்னாடி யாரும் இல்ல."

ரயில் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னார். அந்த ரயிலுக்குத்தான் நான் படித்த படிப்பெல்லாம் கடன்பட்டிருக்கிறது.

மே 9
கங்கம்மா ஜாத்திரைக்கு இன்று சாட்டிம்பு, திருவிழாவை ஊருக்கு அறிவிக்கிற நாள். தண்டோரா போட்டுக்கொண்டு போனார்கள்: ஜாத்திரை முடியும்வரை ஊர்க்காரர்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது, வெளியூர்க்காரர்கள் இரவு தங்கக்கூடாது. பெயின்ட் அடிக்கிற ஆட்கள் அனந்தபுரம்காரர்கள். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது வேலை நின்றுவிட்டது. மே மாத அட்டவணையைப் போட்டது நான். ஜாத்திரை வழக்கத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடுதி நடத்தும் ஜெயம்மாவிடம், "நானும் வெளியூர்தானே, கிளம்பணுமா?" என்று கேட்டேன்.

"பத்து மாசமா எங்க தண்ணிய குடிச்சிக்கினு இருக்க. இன்னமும் நீ எந்த ஊருடி?"

அறைக்கு வந்து கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

மே 11
இன்று பண்ட வேஷம். உடம்பெல்லாம் குங்குமம், கரிப்பொட்டு. வேஷம் போட்டவர் எதிரே வருகிற யாரையும் எப்படியும் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபப்படக்கூடாது. அம்மனின் வாக்கு என்று கும்பிடவேண்டும். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் வேஷம் போடுவதாக அண்ணாதுரை வேண்டிக்கொண்டிருந்தானாம்.

எதிரில் பேசத் தெரியாத மனுஷன் அவன். கோயில் தெருவில், மனைவியோடு பொங்கல் வைக்க வந்த நாராயணசாமியின் ஸ்கூட்டரை மறித்து நின்றான். முதலில் தெலுங்கில் திட்டியதை இங்கே எழுத முடியாது. பிறகு தமிழில்—

"ஏசி வூட்டு மாடிக்கு வெள்ள அடிக்கிறவனே. எங் கொயந்த வேவுதுடா. டிசம்பர்ல வர்றியா? பனியில குடை புடிக்க வர்றியாடா நீ?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அவன் குரல் உடைந்ததும் யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினார். அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் எழுதிக்கொடுத்த அறிக்கை எதற்கும் அவர் செருப்பைக் கழற்றியதில்லை.

மே 12
காலையிலேயே இன்ஜினியரின் போன். "அம்மன் வாக்கத் தட்டக்கூடாதுன்னு வூட்ல சொல்லிட்டாங்கம்மா. ஸ்டோர்ல மிச்சமிருக்கிற டிரம்மு எடுத்துக்கோ. ஆனா அடிக்க ஆளு?"

"ஆள் இருக்காங்க சார். ஊரைவிட்டுப் போகக்கூடாதே."

ஷீட் உடையாமலிருக்க மேலே பலகை போட்டு, லாண்டரித் தெரு ஆண்களும் பெண்களும் ஏறினார்கள். அண்ணாதுரையின் காதோரத்தில் நேற்றைய குங்குமம் போகவில்லை.

"யோவ், செவப்ப கலந்து ரோசு பண்ணிடாத" என்று வள்ளி கீழேயிருந்து கத்தினாள்.

மே 13
வள்ளியின் தெரு முடிந்தது. அடுத்த தெருவில் முதல் வீடு, சந்திரம்மா வீடு. ஏணி வைத்தோம். டிரம் காலி.

மே 24
மதியம் வள்ளி வீட்டில் உட்கார்ந்தேன். வெயில் அதேதான். ஆனால் ஏணையைச் சுற்றி ஈரத்துணி இல்லை. குழந்தை தூங்கியது. வேர்க்குரு வாடி உதிர்கிறது. வள்ளி ஃபேனை என் பக்கம் திருப்பினாள். இந்த முறை நான் அதைத் தொடவில்லை.

இந்தத் தெருவுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் பேசி நடக்காததை இவர்கள் பேசி நடத்தினார்கள்.

மே 29
வெள்ளைத் தெருவின் படத்தை மேலதிகாரிகள் பாராட்டினார்களாம். நாராயணசாமி டீ வாங்கித் தந்தார். "தேங்க்ஸ் சார்" என்றேன். மனசாரச் சொன்னேன். அவர் நினைத்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பிறகு கேட்டேன். "சந்திரம்மா வீட்ல வெச்ச ஏணி இன்னும் அங்கயேதான் இருக்கு சார். அடுத்த ஜாத்திரைக்கு ஒரு வருசம் ஆகும். வேஷம் போடாம, திட்டாம, சும்மா கேக்குறேன். அந்தத் தெருவுக்கும் பெயின்ட் குடுங்க."

அவர் தன் டீயில் பாதியை என் கிளாஸில் ஊற்றினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மீதியைக் குடித்தார். நானும் குடித்துவிட்டு, எழுந்திருக்காமல், நைனா சொன்ன மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.