டப்பாவுக்குள் இரண்டு போன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று முறை ஓ.டி.பி. வந்தது. மூன்று முறையும் காலாவதியான பிறகு.

மருத்துவமனையின் செயலியில் வாரம் ஒருமுறை ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும்: ‘நோயாளி தயார் நிலையில் இருக்கிறார்.’ அழுத்தாவிட்டால் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அழுத்தினால் ஓ.டி.பி. கேட்கும். அது எப்போது வர வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். நான்காவது தடவை டயாலிசிஸ் அறையின் ஜன்னலோரம் போய், போன் பிடித்த கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாம் நம்பர் கட்டிலில் இருக்கும் கண்டக்டர் பெண் சிரித்துவிட்டாள். என் வீட்டுக்காரரும் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்தபடியே, “என்ன, பஸ்ஸ நிறுத்தறியா?” என்றார்.

சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த மனுஷன், இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அந்த மிஷினில் கிடக்கிறார். இப்போது பட்டியலில் மூன்றாம் இடம். எந்த நேரமும் கூப்பிடுவார்கள், எந்த எண்ணிலிருந்தும் கூப்பிடுவார்கள். அரை மணி நேரத்துக்குள் எடுத்துப் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஆக, தெரியாத எண் வந்தால் எடுத்தே தீர வேண்டும்.

எனக்கோ ஒரு மாதமாகத் தெரியாத எண் என்றாலே எடுக்கப் பயம்.

மார்ச் 6, வியாழன்

போன் மறுபடி சூடாகிவிட்டது. யாரும் பேசவில்லை, சும்மா கைப்பையில் கிடந்தது. பேசினால் நடுநடுவே ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். யாரோ விரல் நகத்தால் சுண்டுகிற மாதிரி.

வாயால் சொல்ல இடமில்லை, எழுதியாவது வைக்கிறேன். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. போன மாதம் மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெருக்களிலிருந்து ஏழு பாட்டில் வந்தது. ஏழாவது, ஆரம்பப் பள்ளிக் குழாய்த் தண்ணீர். ஈயம் அனுமதித்த அளவைப் போல நாலு மடங்கு. நம்பாமல் மூன்று தடவை சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்தேன். நாலு மடங்குதான். வெளியான அறிக்கையில் ஆறு பாட்டில் இருந்தது. ஏழாவது பாட்டில் பிறக்கவே இல்லை.

ஒரு நிருபர் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். என் பெயர் வேண்டாம் என்றேன். செய்தி வந்தது, பெயர் வரவில்லை. மறுநாளிலிருந்து இந்த கிளிக்.

மறுநாளிலிருந்துதானா? அதற்கு முன்னால் இருந்ததில்லையா? முன்னால் நான் கவனித்ததே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அளவு கையில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு அளவைக் கொண்டுவந்தால் நானே தூக்கிப் போடுவேன்.

மார்ச் 7, வெள்ளி

போனைத் திறந்தால் தண்ணீர் வடிகட்டி விளம்பரம். இவரிடம் காட்டினேன். “நீ நாள் பூரா தண்ணியிலதான் கெடக்கறே. பின்ன பெட்ரோலுக்கா விளம்பரம் வரும்?”

மார்ச் 10, திங்கள்

மேலதிகாரி என் மேஜைக்கு வந்தார். வழக்கமாக நாங்கள்தான் அவர் மேஜைக்குப் போவோம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சார் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எழுந்து போகிறபோது, “அந்த ஏழாவது பாட்டில் இன்னும் இருக்காம்மா?” என்றார்.

இருக்கிறது. குளிர்பெட்டியில், இரண்டாம் தட்டில், கடைசியில். பழைய பாட்டில்களைப் பதினைந்து நாளில் கொட்டிவிடுவது வழக்கம். இதை மட்டும் நான் கொட்டவில்லை. அதைச் சொன்னது ஒரே ஒரு ஆளிடம், அந்த நிருபர் பெண்ணிடம், போனில்.

“பார்க்கணும் சார்” என்று மென்று விழுங்கினேன்.

பக்கத்து மேஜைக்காரி குளிர்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். நிருபர் பெண்ணே யாரிடமாவது உளறியிருக்கலாம். மேலதிகாரி குத்துமதிப்பாகக் கேட்டிருக்கலாம். அல்லது—

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் தன் அக்காவுக்குப் போன் போட்டு, வழக்கமான விசாரிப்பெல்லாம் முடித்து, கடைசியில் சத்தமாக, “சரிக்கா, வச்சிடறேன். நம்ம லைன்ல மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார், அவருக்கும் காது வலிக்கும்” என்றார். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

மார்ச் 12, புதன்

போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். பாட்டரி வயிறு உப்பியிருந்தது. சார்ஜர் குத்துகிற ஓட்டையிலிருந்து ஊசியால் பஞ்சு பஞ்சாகத் தூசி எடுத்தார். “கிளிக்னு சத்தம் வருதுன்னீங்களே, இதுவாத்தான் இருக்கும்.”

“யாராவது கேக்கறாங்களான்னு இதுல தெரியுமாப்பா?”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அதுக்கு எங்கிட்ட மீட்டர் இல்லக்கா. வாரத்துக்கு நாலு பேர் கேக்கறாங்க.”

பாட்டரி மாற்றியாகிவிட்டது. சூடு இல்லை. கிளிக் ஒருநாளைக்கு ஏழெட்டு இருந்தது, இன்று இரண்டு. இரண்டு ஏன்?

மார்ச் 15, சனி

டயாலிசிஸ் முடிந்து வந்து இவர் தூங்கிய நேரத்தில் ஒரு சோதனை செய்தேன். அவருடைய போனை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, என் போனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது. அலுமினியத் தாளைச் சுற்றிப் போட்டேன். அப்போதும் அடித்தது, கொஞ்சம் தயங்கி. இரண்டு சுற்றுத் தாள், மூடியின் விளிம்பிலும் தாள், மேலே இறுக்கி ஒரு ரப்பர். ‘நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது.’

பத்து தடவை. பத்துக்குப் பத்து. பிறகு என் போனை உள்ளே வைத்து அவருடையதிலிருந்து பத்து. அதுவும் பத்துக்குப் பத்து.

ஒரு மாதத்தில் முதல்முறையாக ஒரு விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! எழுந்து வந்தவரிடம் பெருமையாகக் காட்டினேன். “அதுல முறுக்கு வைப்பியேம்மா” என்றார்.

மார்ச் 19, புதன்

விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. 28ஆம் தேதி ஆஜராக வேண்டும். ‘அலுவலகத் தகவல் வெளியே சென்றது தொடர்பாக.’ என் வேலையோடுதான் இவருடைய சிகிச்சை அட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் மிஷின் போகும், பட்டியலும் போகும். அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எழுதவா வேண்டாமா. எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னால உக்காந்தோம். 28ஆம் தேதி என்ன சொல்றதுன்னு பேச. நான்தான் சொன்னேன், போனெல்லாம் டப்பாவுல போடலாம்னு. இவர், “ரெண்டையுமா?” என்று கேட்டார். கேட்டாரே! “ரெண்டையுந்தான், பத்து நிமிஷம்” என்றேன். தாளைச் சுற்றி ரப்பரும் போட்டேன்.

பத்து நிமிஷப் பேச்சு முக்கால் மணி நேரமாகிவிட்டது. நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளலாமா, தெரியாது என்று சாதிக்கலாமா. “என்னைய நெனச்சு நீ பொய் சொல்ல வேண்டாம்” என்றார் இவர். “உங்களை நெனைக்காம நான் எதைச் சொல்றது” என்று நான் கத்தினேன். அவரும் கத்தினார். யாருக்கும் கேட்காமல் கத்துகிறோம் என்று எனக்கு அப்போது ஒரு நிம்மதி வேறு.

டப்பாவைத் திறந்ததும் இரண்டு போனும் சேர்ந்து துடித்தன. தவறிய அழைப்பு என்று வரிசையாகச் செய்திகள். ஒரே எண். 5.02லிருந்து 5.29 வரைக்கும். என் போனில் நாலு, அவர் போனில் நாலு. அப்போது மணி 5.41.

திருப்பிக் கூப்பிட்டால் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’. அழுத்தினேன், அழுத்தினேன். ஒருவழியாக ஒரு பெண் குரல். “அம்மா, எட்டு தடவை ட்ரை பண்ணோம். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்துச்சு. அஞ்சரைக்கு அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டோம். அவங்க கிளம்பிட்டாங்கம்மா.”

பத்துக்குப் பத்து. சரியாகத்தான் செய்திருக்கிறேன். பத்துக்குப் பத்து!

பாவி. நான் பாவி. வேற யாரும் இல்ல, யாரும் ஒட்டுக் கேக்கல, ஒண்ணும் பண்ணல. என் கையால மூடினேன்.

இவர் தண்ணீர் கேட்டார். இவருக்கு டாக்டர் அனுமதித்தது ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிதான், ஆய்வுக்கூடத்து அளவுக் குவளையில் அளந்துதான் கொடுப்பேன். ஐம்பதுக் கோட்டைப் பார்த்து ஊற்ற முடியவில்லை, மேஜையெல்லாம் கொட்டியது. குவளையை வாங்கித் தானே ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 22, சனி

டயாலிசிஸ். மூன்றாம் நம்பர் கட்டில் காலி. கண்டக்டர் பெண் வரவில்லை.

“அவளுக்குப் போயிருந்தா நல்லது. சின்னப் பொண்ணு” என்றார் இவர். நர்ஸைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. கட்டில் காலியாவதற்கு வேறு காரணமும் உண்டு.

மருத்துவமனைப் படிவத்தில் மூன்றாவது எண்ணாக நாத்தனாருடையதைச் சேர்த்தேன். ஓ.டி.பி. உடனே வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இவரிடம் கேட்டே விட்டேன். என் மேல் கோபமே இல்லையா என்று.

“நேத்து பூரா இருந்துச்சு. நாளைக்கும் இருக்கும்னு நெனைக்கறேன்.” கூடவே, “ஆனா அந்த மூணாவது ஆள் மேலதான் ஜாஸ்தி. நெசமாவே ஒருத்தன் கேட்டுட்டிருந்தா, அவனாவது எடுத்து ‘வர்றோம்’னு சொல்லியிருக்கலாமில்ல?”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் அடுக்களைக்குப் போய் நன்றாக அழுதேன்.

மார்ச் 26, புதன்

தூக்கமில்லாமல் ஒரே யோசனை. கேட்கிறார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. கேட்கிறார்கள் என்றும் நிரூபிக்க முடியாது, கேட்கவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. முடிவு சொல்ல முடியாத சோதனை. ஆனால் ஒன்று தெரியும். அவர்கள் ஒன்றுமே செய்யாமல், நானே என் வாயை மூடி, காதை மூடி, போனை மூடி, கடைசியில் இவருக்கு வந்ததையும் மூடிவிட்டேன். உண்மையிலேயே ஒருத்தன் உட்கார்ந்து கேட்டிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் செய்திருக்க மாட்டான்.

ஒளித்து வைத்தால்தானே ஒட்டுக் கேட்க முடியும்? நானே எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டால்?

சிகிச்சை அட்டை—

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் என் போனைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். “இதை அணைச்சு வையுங்க” என்றார் நடுவில் இருந்தவர். “முடியாது சார், வீட்டுக்காரர் பட்டியல்ல இருக்கார், எப்ப வேணா கூப்பிடுவாங்க” என்றேன். குரல் நடுங்கவில்லை. ஆச்சரியம்தான்.

“நான்தான் சொன்னேன். ஏழாவது பாட்டில் இருக்கு. ரெண்டாம் தட்டு. யார் வேணா வந்து ஓட்டிப் பார்க்கட்டும். அந்தக் குழாயில சின்னப் பசங்க தண்ணி குடிக்கறாங்க.”

நான் சொன்னதையெல்லாம் ஒருவர் எழுதிக்கொண்டார். பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். ‘நாலு மடங்கு’ என்பதை ‘சற்று அதிகம்’ என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்தச் சொன்னேன். திருத்தினார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்னும் உத்தரவு வரவில்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே வாசலுக்கு ஓடுகிறேன். வீட்டில் இப்போது எல்லாவற்றையும் சத்தமாகவே பேசுகிறோம். போன்கள் இரண்டும் மேஜை நடுவில்.

ஏப்ரல் 17, வியாழன்

வேறு ஆய்வுக்கூடத்தில் ஏழாவது பாட்டிலை ஓட்டியிருக்கிறார்கள். நாலு புள்ளி மூன்று மடங்காம். பள்ளிக் குழாயை மூடி, லாரியில் தண்ணீர் அனுப்புகிறார்கள். என்னைக் குழாய்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பைப்பையும் வாஷரையும் எண்ணுகிற வேலை. தண்டனைதான். பதினெட்டு வருடம் கழித்துக் கையில் ஒரு சோதனைக் குழாய்கூட இல்லை. அது வலிக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் வேலை இருக்கிறது. அட்டை இருக்கிறது.

மே 19, திங்கள்

கிடங்கு. 11.16. தெரியாத எண். முதல் மணியிலேயே எடுத்தேன்.

நடுவில் ஒரு கிளிக் கேட்டது. கேட்கட்டும்! “வர்றோம்! இதோ வர்றோம்!” என்று கத்தினேன். வாஷர் டப்பா கவிழ்ந்து கிடங்கு முழுக்க உருண்டது.

ஜூன் 4, புதன்

இவர் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நாலு நாள். இன்னும் குனிய விடுவதில்லை.

அந்த அளவுக் குவளைக்கு இப்போது வேறு வேலை. இரண்டு வருடமாக உள்ளே போவதை அளந்துகொண்டிருந்தேன், இப்போது வெளியே வருவதை அளக்கிறேன். காலையிலிருந்து இதுவரை சிறுநீர் ஆயிரத்து நூறு மில்லி. அந்த எவர்சில்வர் டப்பாவில் மாத்திரைகள். மூடி போடுவதில்லை.

சற்று முன் நாத்தனாரிடம் இவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

“ஆயிரத்து நூறுக்கா! ஆமா, நானேதான், வேற யாரு! ஏன் கத்தறேன்னா, மூணாவது ஆளும் சரியா எழுதிக்கணுமில்ல? ஆயிரத்து நூறு!”