அந்தச் சுழிக்கு நான் வைத்த பெயர்

அத்தை,

காலையிலிருந்து வீடு முழுக்க ஏலக்காய் வாசம். அம்மா சீம்பால் காய்ச்சுகிறார். பொடிச்சி நேற்று கன்று போட்டாள், கிடேரிக் கன்று. நீங்கள் இருந்திருந்தால் முதல் கிண்ணம் உங்களுக்கு. இரண்டாவதும் உங்களுக்குத்தான், என்னைப் பேசவிட்டு என் பங்கையும் காலி செய்திருப்பீர்கள்.

பொடிச்சி யாரென்று கேட்பீர்கள். உங்கள் செவலையின் மடியை முட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கடைசிக் கன்றுதான். பெயர் மட்டும் நான் வைத்தது. பெயர் வைப்பதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செவலையின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், முடி சுழித்துக்கொண்டு இருக்கும். சுழி சரியில்லை என்று யாரும் வாங்காத மாட்டை நீங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டி வந்தீர்கள். "மடியப் பாக்காம முடியப் பாக்குறாய்ங்க" என்றீர்கள். ஓடைப்பட்டியில் உங்கள் தெருவில் அவளளவு பால் கறந்த மாடு வேறு இல்லை.

மோட்டார் வாங்க அவளை விற்றுவிடலாம் என்று மாமா தரகரைக் கூட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. தரகர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். சுழியில் கை பட்டதும் நான் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "அண்ணே, அது பொஞ்சாதியத் தூக்குற சுழியாம்ல. வீட்டுல அக்கா நல்லா இருக்காகளா?" என்றேன். தோசைக்கல்லைத் தொட்டவர் போலக் கையை எடுத்தார். அப்படியே வண்டியையும் எடுத்தார்.

நீங்கள் தொழுவத்துக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "ஏலே மருமகனே, நீ படிச்சுப் பொழைக்க மாட்ட, வாயாலயே பொழச்சுக்குவ."

அந்தப் பெயர் டீக்கடை வரை போனது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வருடம் ஒரு நாள் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து படுத்தீர்கள், எழவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். மாமா டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. கூடியிருந்தவர்கள் முன்னால் என்னைக் காட்டி, "அன்னைக்கே இவன் சொன்னான். நாந்தேன் கேக்கல" என்றார்.

"மாமா, அது நானா வச்ச பேரு. சும்மா சொன்னேன்."

"ஏலே, எழவு வீட்லயுமா வெளாட்டு?" என்று அப்பா என்னை வெளியே தள்ளினார்.

நான் சொன்ன பொய்யை ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது அது விளையாட்டாகிவிட்டது. அந்தப் பெயரோடு செவலையைக் கறவைக்கு வாங்க ஆளில்லை. கம்பம்மெட்டு ஏறி கேரளா போகும் லாரிதான் வந்தது. கறிக்குத்தான் அத்தை. கன்றின் கயிற்றை மட்டும் நான் விடவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் மரபணுப் பாடம் படிக்கிறேன். சுழியும் தாய் தகப்பனிடமிருந்து வருகிறது, பாலும் அப்படித்தான். ஆனால் ஒன்றால் இன்னொன்று வருவதில்லை. பொடிச்சிக்குத் தாயின் மடி, தாயின் சுழி, அதே இடத்தில். இதைப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போடுவார்கள். செவலை திரும்பி வரமாட்டாள்.

இன்று மாமா வந்தார். பொடிச்சியை ஏறிட்டும் பார்க்காமல் நேராகக் கன்றிடம் போய் முதுகில் விரலை ஓட்டினார்.

"இதுக்கு இல்லடா." முகம் தெளிந்துவிட்டது. "பால்குடி மறந்ததும் எனக்குக் குடுக்கிறியா மருமகனே? உங்க அத்தை கட்டுன எடம் வெறுமனே கெடக்கு."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சுழி இல்லை என்று நம்பித்தான் அவர் கேட்டார். வெளியே தெரியாதது உள்ளே இருக்கலாம் என்பதும் அதே பாடத்தில்தானே இருக்கிறது.

"தர்றேன் மாமா. ஆனா இது போடுற கன்னுக்கு அந்தச் சுழி திரும்ப வந்தாலும் வரும்."

"வந்தா?"

"லாரியக் கூப்பிடாம என்னையக் கூப்பிடுங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய் மாமா."

விளையாட்டு என்று சொல்ல இம்முறை பக்கத்தில் யாரும் இல்லை. மாமா பொடிச்சியின் முதுகில் கை வைத்தார். சுழியின் மேல் அல்ல, அதற்குப் பக்கத்தில்.

"செவலை நல்ல மாடுடா" என்றார்.

அம்மா கொடுத்த சீம்பால் கிண்ணம் அவர் கையிலேயே ஆறிப்போனது. கன்றைத் தரச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பொடிச்சியைக் குளிப்பாட்டும்போது அந்தச் சுழிக்கு வந்ததும் என் கை நின்றுவிடுகிறது அத்தை. உங்களைச் சிரிக்கவைத்த இடம் அது. செவலையை லாரியில் ஏற்றியதும் அதுதான். தண்ணீரை ஊற்றிவிட்டு, முடி மறுபடி சுழித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.