புதன்கிழமைகளில் பேசாமல் இருந்தது நான்தான்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
10.03.2008

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கோணேசர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் பேத்தி சின்னவளும் அந்த லண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிடுகிறோம். அம்மாவின் முழங்கால் நோ முன்னைக்கு இப்போது பரவாயில்லை. தம்பலகாமத்து அரிசி இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது, சோதனைச்சாவடியில் லொறியை மறித்து மூட்டை மூட்டையாய் இறக்கிப் பார்த்தார்களாம். போன கிழமை மான்கள் வேலியைத் தாண்டி வந்து உன் அம்மாவின் செவ்வரத்தையை ஓர் இலை மிச்சம் விடாமல் தின்றுவிட்டன. ஊரில் வெடிச்சத்தம் குறைவு, பயம் குறையவில்லை.

இதையெல்லாம் சொல்ல நான் பேனை எடுக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு டெலிபோனில் கதைத்ததை அவள் எனக்குச் சொன்னாள். மூன்று கிழமையாகப் புதன்கிழமைகளில் இலங்கை நம்பர் ஒன்று வருகிறது, எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது, ஆள் பேசுவதில்லை, யாரோ உன்னை நோட்டம் பார்க்கிறார்கள், சின்னவளைக் கூட்டிக்கொண்டு வைகாசியில் இங்கே வரப் பயமாய் இருக்கிறது, மாத முடிவில் டிக்கட்டை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், நம்பரையும் மாற்றப்போகிறேன் என்றாயாம். ஆட்களை வீடு தேடி வந்து கூட்டிப்போகிற காலத்தில் நீ பயந்தது பிழை இல்லை. ஆனால் பிள்ளை, பயப்பட ஒன்றும் இல்லை. அது நான்தான்.

திட்டாமல் முழுவதையும் வாசி. முதல் தரம் நான் வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டு லைன் செத்துக் கிடந்தது, அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே படம் நல்லதாய் வந்திருக்கிறது என்று சொல்ல முத்தலிப்பின் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் உன் நம்பரைச் சுழற்றினேன். கடை நம்பர் உனக்குத் தெரியாது. நீ எடுத்தாய். குட் மோர்னிங் என்றாய், என்ன உதவி வேண்டும் என்று கேட்டாய், நான் வாய் திறக்காமல் நிற்க, அவசரமில்லை, ஆறுதலாய்ச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாய். இங்கிலீசில்தான், ஆனால் அவ்வளவு பட்சமாய். நீ லண்டன் போன எட்டு வருசத்தில் அந்தக் குரல் என் காதில் விழுந்ததில்லை. எங்கள் வீட்டு நம்பர் தெரிந்தால் நீ சொல்வது, ஓம் அப்பா, கெதியாச் சொல்லுங்கோ, வேலையிலை நிக்கிறன். இரவிலும் அதுதான், ஞாயிறும் அதுதான், ஏனென்றால் கம்பனி தந்த டெலிபோனும் வீட்டு டெலிபோனும் உனக்கு ஒன்றுதான், படுக்கைக்கும் அது வருகிறது, சாப்பாட்டுக்கும் வருகிறது. உங்கள் கம்பனி வாடகைக்கு விட்ட வீட்டில் இருக்கும் அந்த ஹாரிஸ் கிழவி, சுடுதண்ணீர் வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் எடுத்தபோது என்னைக் காத்திருக்க வைத்துவிட்டு அவளோடு இருபது நிமிடம் கதைத்தாய். அதுவரை டெலிபோனில் ஓடிய பாட்டை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு எத்தனை பல் முளைத்தது என்று எனக்குத் தெரியாது, அந்தக் கிழவியின் சுடுதண்ணீர் மெஷின் எத்தனை தரம் பழுதானது என்று தெரியும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் தாயைப் பார்த்தால் தன் தகப்பன் தானே சுகமாய் இருப்பான் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பொறாமைதான், வேறு என்ன. அறுபத்தெட்டு வயதில், முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி மேல் எனக்குப் பொறாமை. அதனால்தான் அடுத்த புதனும் போனேன், சவரம் செய்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு. நான் ஒன்றும் பேசாமல் நிற்பதைப் பார்த்து முத்தலிப் லைன் கிடைக்கல்லியா ஐயா என்று கேட்க, சத்தம்தான் வரல்ல என்று பொய் சொன்னேன். பாவம் அவன், மூன்றாம் புதனுக்குப் புது டெலிபோன் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அன்றைக்குத்தான் நீ இங்கிலீசை விட்டுவிட்டு, ஆர் இது, அப்பாவுக்கு ஏதும் நடந்திட்டுதா என்று கேட்டாய். நீ என்னைத்தான் விசாரித்தாய், நான் திருடன் மாதிரி வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பாவத்தை நினைத்தால் சோறு இறங்குதில்லை.

இதை டெலிபோனில் சொல்ல எனக்கு ஏலாது. கம்பனிக்காரனின் டெலிபோனில் குடும்பத்து வெட்கத்தைச் சொல்வது என் பழக்கம் இல்லை. இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். நீ வரமாட்டாய் என்று குசினிக்குள் அழுதபடி சமைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். மகள் எட்டு வயசிலை செய்ததை நீங்கள் கிழவனாகிச் செய்யிறியள் என்றாள். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, நான் துறைமுகக் கந்தோரில் வேலையில் இருந்த நாளில் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆதம்பாவா கடையில் இருந்து கந்தோருக்கு டெலிபோன் எடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பாய். கண்டுபிடித்து, கந்தோர் டெலிபோன் வீட்டுக் கதைக்கு இல்லை என்று உன் காதைத் திருகினேன். பென்சன் எடுத்த நாளில், இருபத்தொன்பது வருசம் அந்த டெலிபோனில் வீட்டுக்கு ஒரு சொல் கதைக்காதவன் என்று பெருமையும் பேசினேன். நீ விளையாட்டுக்குச் செய்தாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அப்பா கந்தோரிலை எவ்வளவு வடிவாக் கதைக்கிறார், வீட்டை ஏன் அப்படிக் கதைக்கிறேல்லை என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். இதை இன்றைக்குத்தான் எனக்குச் சொல்கிறாள்.

ஆகையால் டிக்கட்டை விடாதே. கொழும்பிலேயே தபாலில் போட்டால் கெதியாய்ச் சேரும் என்று அங்கே போகும் முத்தலிப்பின் மச்சான் ஸஹாப்தீனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வைகாசியில் சின்னவளோடு வா, பல்லை நானே எண்ணிக்கொள்கிறேன். மருமகனுக்கும் உனக்கும் சின்னவளுக்கும் கோணேசர் துணை இருப்பார், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. வருகிற இருபத்தாறாம் திகதி புதன்கிழமை, உங்கள் காலை பத்து மணிக்கு, அந்த நம்பர் திரும்பவும் வரும். பயப்படாமல் எடு. எடுத்ததும் அந்தக் கிழவிக்குச் சொல்வது போல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல். இந்த முறை நான் பேசுவேன், மகள், அப்பா என்பேன். அதற்குப் பிறகும் குரலை மாற்றாதே, பிள்ளை.

உன் அன்பு அப்பா,
க. சோமசேகரம்