பேச்சைக் குறைக்கிற நாட்கள்

6 ஜனவரி 2025, திங்கள்

அல்சூரில் அப்பா வருஷாவருஷம் போகும் அதே கடையில் அதே கன்னட டைரியை வாங்கி வந்தேன். போன ஜூனில் அவர் போய்விட்டார். அவர் எழுதாத டைரியை யாராவது எழுதத்தானே வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மாசம், பட்சம், திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். இவ்வளவும் போக மிச்ச இடத்தில் நான் வாழ்ந்துகொள்ளலாம். இன்று ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரையாம். திங்கட்கிழமை காலையில் சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கிறவளுக்கு இதை அச்சடித்து வேறு சொல்ல வேண்டுமா?

19 ஜனவரி, ஞாயிறு

டொரோன்டோவிலிருந்து தம்பி கவியரசன் பேசினான். அப்பாவின் முதல் திதி என்றைக்கு என்று இப்போதே சொன்னால்தான் லீவு கிடைக்குமாம். “ஜூன் பதினெட்டுதானே?” என்கிறான் மக்கு. இறந்த தேதியா திதி? அது நிலாக் கணக்கு, வருஷத்துக்கு வருஷம் நகரும் என்று விளக்கினேன். (இது எனக்கே போன வாரம் அம்மா சொல்லித் தெரிந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.)

சாவுக்கு அவன் வரவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தானாம். கொள்ளி வைத்தது நான். அதிலிருந்து அவனோடு அளந்துதான் பேசுகிறேன். இந்தத் தடவை அவன் வந்தே ஆக வேண்டும். அவன் கையால்தான் நடக்க வேண்டும்.

“கோயில் ஐயரைக் கேட்டுடு தாரணி” என்றாள் அம்மா. நானூறு பேருக்கு ஷிஃப்ட் போடுகிறவள் நான். ஒரு நிலாவுக்குப் போட முடியாதா?

26 ஜனவரி, ஞாயிறு

முடித்துவிட்டேன்! அப்பாவின் 2024 டைரியில் ஜூன் 18: ஜ்யேஷ்ட மாசம், சுக்ல பட்சம். அவர் போன சாயங்காலம் துவாதசி. இந்த வருஷ டைரியில் அதே ஜ்யேஷ்டம், அதே சுக்ல துவாதசி எங்கே என்று புரட்டினால் ஜூன் 7, சனிக்கிழமை. எனக்கு லீவுகூட வேண்டாம். அப்பா எப்போதும் என் ஆபீஸை மதிப்பார்.

கவிக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் டைரியில் இன்னொரு விஷயம். மாதத்துக்கு ரெண்டு மூன்று பக்கங்களில், மூலையில் பென்சிலால் ‘தா. — சந்திராஷ்டமம். பேச்சைக் குறை.’ யார் பேச்சை?

27 ஜனவரி, திங்கள்

கவி டிக்கெட் போட்டுவிட்டான். ஜூன் 4 வருகிறான், 15 கிளம்புகிறான். மாற்ற முடியாத டிக்கெட்.

9 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உனக்கு மேஷ ராசி. சந்திரன் அதுக்கு எட்டாவது ராசியில இருக்குற ரெண்டேகால் நாள்தான் சந்திராஷ்டமம். மனசு ஒரு நிலையில இருக்காது, சண்டை வரும்னு சொல்வாங்க. நிலா விருச்சிகத்துக்கு வந்தா உங்கப்பா உங்கிட்ட வாயே திறக்க மாட்டாரு.”

அதாவது, மாதா மாதம் சில நாட்கள் நான் என்ன கத்தினாலும் “சரிம்மா” என்றது என் வாதத்தின் பலத்தால் அல்ல. நான் ஜெயித்ததாக நினைத்ததெல்லாம் நிலா போட்ட பிச்சை. என்ன மனுஷன்!

மொத்த வருஷத்துக்கும் ஜனவரியிலேயே குறித்துவிடுவார் போல. ஜூன் 20-இல் இருக்கிறது. அவர் போய் ரெண்டு நாள் ஆகியிருந்தது அன்றைக்கு. ஜூலையிலும் இருக்கிறது. டிசம்பர் வரை இருக்கிறது. அதற்கு மேல் புரட்ட முடியவில்லை, அழுதுவிட்டேன்.

18 மே, ஞாயிறு

போச்சு.

அம்மா தேதி கிழிக்கிற தமிழ்க் காலண்டரில் ஜூன் 7-ஐத் தூக்கிப் பார்த்தாள். வைகாசி 24. “அவர் போனது ஆனி நாலுடி. ஆனியில போனவருக்கு வைகாசியில சோறு போடுறியா?”

கோயிலுக்கு ஓடினேன். ஐயர் நிதானமாகச் சொன்னார். கன்னடத்துக்காரர்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை மாசம். நமக்கு சூரியன் ராசி மாறினால் மாசம். திதி ஒன்றுதான், மாசம்தான் வேறு. ஆனியில் வளர்பிறை துவாதசி ஜூலை 7, திங்கள்.

முழுசாக ஒரு மாசம்! அப்பா அந்த டைரியில் ராகு காலமும் நட்சத்திரமும் மட்டும்தான் பார்ப்பாராம், மாசத்துக்கு எப்பவும் சுவர்க் காலண்டர்தானாம். இதை அம்மா ஜனவரியிலேயே சொல்லக்கூடாதா? சொன்னாளே, ஐயரைக் கேளு என்று. நான்தான் பெரிய இவ மாதிரி... இப்ப கவிகிட்ட எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்றது?

22 மே, வியாழன்

சொன்னேன்.

“ஒரு தேதி பார்க்கத் தெரியாதா உனக்கு? ஜூலையில எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது.”

“அப்பா செத்தப்பவே வராதவன் நீ. திதிக்கு வரலன்னா என்ன இப்ப?”

அவன் போனை வைத்துவிட்டான்.

டைரியைப் பார்த்தேன். இன்று எனக்குச் சந்திராஷ்டமம்கூட இல்லை. பழி போட நிலாவும் இல்லை. தப்பு என்னுடையது, வாயும் என்னுடையது.

4 ஜூன், புதன்

வந்துவிட்டான். வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து “மெலிஞ்சிட்ட” என்றான். இல்லை, ரெண்டு கிலோ ஏறியிருக்கிறேன். சொல்லவில்லை.

7 ஜூன், சனி

நான் கண்டுபிடித்த மகத்தான நாள். திதி இல்லை. ஆனாலும் அம்மா அப்பாவுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தாள். “இது சும்மா சாப்பாடு. யாரும் வேற கணக்கு பண்ண வேணாம்.”

கவி மொட்டைமாடிச் சுவரில் காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு வந்தான். “அப்பாவுக்குக் கன்னடமும் நல்லா வருமே. இந்தக் கணக்குக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போவாரு.” போன வருஷத்துக்கப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

சாப்பிட்டதும் அப்பாவின் டைரிகளை இறக்கச் சொன்னான். பென்சில் குறிப்புகளைக் காட்டினேன். நக்கலடிப்பான் என்று காத்திருந்தேன். அவனோ ஒவ்வொரு மாதமாக டிசம்பர் வரை திருப்பிப் பார்த்தான்.

15 ஜூன், ஞாயிறு

ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம். இன்று ஆனி ஒன்று. மாசம் பிறக்கிற அன்றைக்கா கிளம்ப வேண்டும்? நேற்று சாயங்காலம் என் டைரியை வாங்கிப் போய் வெகுநேரம் வைத்திருந்தான். “படிக்கல, சத்தியமா” என்று திருப்பித் தந்தான். நம்பிவிட்டேன். படித்திருந்தால் ‘மக்கு’க்குச் சண்டை போட்டிருப்பான்.

7 ஜூலை, திங்கள்

திதி நடந்தது.

ஐயர் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்துவிட்டு, “மகன்?” என்று சுற்றிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “அவன் ஊர்ல இல்ல. மக இருக்கா. ஆரம்பிங்க.” ஐயர் கொஞ்சம் யோசித்தார். அம்மா யோசிக்கவே இல்லை. ஆரம்பித்தார்.

காக்கை உடனே வந்தது. பிண்டத்தை விட்டுவிட்டு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்பாவேதான்.

சாயங்காலம் எழுதலாம் என்று இந்தப் பக்கத்தைத் திறந்தேன். மூலையில் பென்சிலால், கவியின் கோணல் எழுத்தில்:

‘தா. — சந்திராஷ்டமம். பேச்சைக் குறை. கொள்ளி வச்சது நீ. இதையும் நீயே செய், அதுதான் சரி. அன்னைக்கு வராததுக்கு மன்னிச்சிடு.’

நட்சத்திரத்தைப் பார்த்தேன். அனுஷம். ஆமாம், நிலா விருச்சிகத்தில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட், செப்டம்பர் என்று புரட்டினேன். அப்பா மாதிரியே டிசம்பர் வரை குறித்து வைத்திருக்கிறான். செப்டம்பரில் மட்டும் ரெண்டு நாள் தள்ளிக் குறித்திருக்கிறான். என்னை ஒரு தேதி பார்க்கத் தெரியாதா என்று கேட்டவன்!

போன் பண்ணி வாங்கு வாங்கென்று வாங்க வேண்டும். நாளை மறுநாள் பண்ணுகிறேன். அதுவரை சந்திராஷ்டமம்.