பதினொரு புட்டியும் ஒரே புழுவும்

அனுப்புநர்
தலைமைச் சமையற்காரி (பதினெட்டு நாளாக முன்னாள்),
நூல் ஆலை உணவுக்கூடம்.

பெறுநர்
உணவுச் சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: மலப் பரிசோதனையில் நடந்த தில்லுமுல்லை விசாரித்து, என்னை மீண்டும் அடுப்படியில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்த ஆலையின் நானூறு தொழிலாளர்களுக்குப் பதினான்கு வருடமாக மதியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள் நான். இந்த வருடப் பரிசோதனையில் சமையலறை ஆட்கள் பதினொரு பேருக்கும் நாடாப்புழு இருப்பதாகத் தங்கள் அலுவலகம் அறிக்கை கொடுத்தது. பத்துப் பேருக்கு மாத்திரை, எனக்கு மட்டும் வேலைநீக்கம். சமையலுக்குத் தலைமை என்பதால் புழுவுக்கும் நானே தலைமை என்று எங்கள் உணவுக்கூட மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தாராம். தாங்களும் கையெழுத்துப் போட்டீர்களாம்.

2. பதினொரு வயிற்றிலும் ஒரே புழு என்பது படித்தவரான தங்களுக்கு விசித்திரமாகப் படவில்லை. மல மாதிரிப் புட்டிகள் சேகரித்த அன்று நான் ஊரிலேயே இல்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓரகத்திக்குத் துணையாக வெளியூர் மருத்துவமனையில் இருந்தேன். என் வயிறும் என்னோடுதான் வந்திருந்தது. ஆனால் என் பெயர் ஒட்டிய புட்டி நிரம்பித் தங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

3. நிரப்பியவர் மேற்பார்வையாளர். ஆளாளுக்குப் புட்டி கொடுத்துத் திரும்ப வாங்க அவருக்கு உடம்பு வணங்கவில்லை. கழிப்பறையில் பதினொன்றையும் வரிசையாக வைத்து, தன்னுடையதையே ஐஸ்கிரீம் குச்சியால் அவர் பங்கு பிரித்ததைக் கூட்டிப் பெருக்கும் அக்கா கண்ணால் பார்த்தார். கேட்டதற்கு, "யாருதா இருந்தா என்னக்கா, போய்ச் சேர்ந்தா சரி" என்றாராம். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாராம்.

4. அரசு மருத்துவமனையில் மூன்று முறை பரிசோதித்தேன். எனக்கு எதுவும் இல்லை, சீட்டு இணைத்துள்ளேன். அதைக் காட்ட வந்தபோது தாங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கேயே நில்லும்மா" என்றீர்கள். பரவாயில்லை, தாங்கள் அந்நியர். நான் பெற்ற மகளே நான் பிசைந்த மாவைத் தொடுவதில்லை. பத்து நாள் கஞ்சி ஊட்டிவிட்டேனே, அந்த ஓரகத்தி எனக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தட்டைப் பார்த்த அன்று அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

5. சரியாக வேகாத பன்றிக்கறியால் இந்தப் புழு வரும் என்றும், புழு உள்ளவரின் கழுவாத கையால் அதன் முட்டை பிறர் வயிற்றுக்குள் போனால் மூளை வரைக்கும் ஏறலாம் என்றும் மருத்துவர் சொன்னார். பன்றிக்கறி ஆக்கும் நாளில், அடுப்பில் பாதி வேகும்போதே துண்டை எடுத்து வாயில் போடுகிறவர் எங்கள் சமையலறையில் மேற்பார்வையாளர் ஒருவர்தான். பரிசோதனைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதனால் மாத்திரையும் இல்லை. புழு அவருக்குள் சௌக்கியமாக இருக்கிறது.

6. ஆகவே என்னை வேலையில் சேர்த்து, அவரைத் தங்கள் கண்ணெதிரே ஒரே ஒரு புட்டி நிரப்பச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு என்ன அவசரம் என்று தாங்கள் நினைக்கக்கூடும். தினமும் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் உணவுக்கூடத்திலிருந்து தங்கள் மேசைக்கு நான்கடுக்குக் கேரியர் ஒன்று வருகிறதல்லவா? அதை வேறு யாரையும் தொடவிடாமல் அவரேதான் நிரப்புகிறார். குழம்பை விரல் விட்டு ருசி பார்த்த பிறகே மூடுகிறார்.

இடம்: உணவுக்கூடத்தின் பின்வாசல், வெளிப்பக்கம்
நாள்: வேலை போன பதினெட்டாம் நாள், தங்கள் சாப்பாட்டு வேளைக்கு முன்

இப்படிக்கு,
வயிறு சுத்தமான
சமையற்காரி