ஃபுல்மணி கையால ஒரு தட்டு சோறு

கும்மிடிப்பூண்டி
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

என் கண்ணு ஷைனிக்கு அம்மா ஞானம்மா எழுதறது, ஆண்டவர் கிருபையில நானும் உங்க நைனாவும் இங்க நல்லா கீறோம், அந்த வெளிநாட்டுக் குளிர்ல நீ சாப்ட்டியா தூங்கினியான்னு தான் எந்நேரமும் நெனப்பு. நைனாவுக்கு முட்டி வலி இப்ப தேவலாம், மாடிப்படி ஏறி துணி காயப்போடறாரு. நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்குத் தான் மனசு ஒரு நெலையில இல்ல. உங்க ஆஸ்பத்திரியில ஒரு பெரியவரு ஊசி போட வந்த உன் கையைத் தள்ளிவிட்டு வெள்ளைக்கார நர்ஸை அனுப்புன்னு சொன்னதும், உங்க இன்சார்ஜ் அம்மா எதுக்கு வம்பு, நீ வேற ரூமுக்குப் போயிடுன்னு சொன்னதும். நீ அழுதிருந்தா கூட பரவால்ல, மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொன்ன பாரு, அதான் பேஜாரா கீது. அன்னிக்கு விடியகாலம் ஒரு கனவு, பொன்னேரி வயல் பூரா பனி, நீ யூனிபார்ம் போட்டுக்கினு வரப்பு மேல நிக்கிற, உன் கை ரெண்டும் மட்டும் பனியில தெரியல. எழுந்து கம்பெனி பஸ்ல ஏறினா வெளியேயும் அதே பனி, பனைமரம்லாம் தண்ணியில மெதக்கிற மாதிரி போவுது, கனவு முடிஞ்சிச்சா இல்லையான்னே தெரியாம தேர்வாய் கண்டிகை கம்பெனி வாசல்ல வந்து எறங்கினேன்.

நான் சோறு போடற கம்பெனி கேன்டீன்ல நடந்த ஒண்ணை உன்கிட்ட சொல்லல. ஃபுல்மணின்னு ஜார்க்கண்ட் பொண்ணு, உன் வயசு தான், பரிமாற சேர்த்தாங்க. எனக்கும், கூட பரிமாறற ரோசம்மாளுக்கும் நடுவுல அவ கவுண்டரு. எல்லாம் ஒரே அண்டாவுல வடிச்ச சோறு. ஆனா எங்க ரெண்டு பேர் லைனும் வாசல் வரைக்கும் நிக்குது, அவ முன்னாடி வடக்கத்திப் பசங்க சில பேரு தான். எங்கப்பா ஆரணிப் பக்கம் கூலிக்குப் போனப்போ, நம்ம ஜாதி சொம்பைத் தொடக் கூடாதுன்னு தண்ணியைத் தூக்கி கையில ஊத்துவாங்களாம், ஏன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களாம். இங்க யாரும் ஒண்ணும் சொல்லல, எல்லாரும் நல்லவங்க, சிரிச்சிக்கினே தள்ளி நிக்கிறாங்க. அவ கரண்டியைப் புடிச்சிக்கினு ஆவிக்குள்ள நின்னுக்கினே இருப்பா. சூப்பர்வைசர் அன்புசெல்வன் வந்து, அக்கா இவளைப் பாத்திரம் கழுவப் போட்டுடலாம், ஜனங்க சங்கடப்படறாங்கன்னாரு. எந்த ஜனம், பேரு சொல்லுங்க சார்ன்னு கேட்டேன். அவரு கணக்கு நோட்டைத் தூக்கிக்கினு வெளிய போயிட்டாரு.

மறுநாள் மணி அடிச்சி எல்லாரும் வந்து நின்னப்போ நான் என் அண்டாவை மூடிட்டு கரண்டியைக் கீழ வெச்சிட்டேன். ரோசம்மாளும் என்னைப் பார்த்துட்டு மூடிட்டா. அவ்ளோ பெரிய கூடத்துல ஃபேன் சுத்தற சத்தம் மட்டும் தான், எனக்குத் தண்ணிக்கு அடியில நிக்கிற மாதிரி இருந்திச்சி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற பச்சையப்பன் இன்னாக்கா ஆச்சின்னு கேட்டாரு. சோறு அங்க கீது, போய் வாங்கிக்கோன்னேன். அவரு நகர்ந்து போய் ஃபுல்மணிகிட்ட தட்டை நீட்டினாரு. அவ அவசரமா ஊத்தினதுல சாம்பார் அவர் சட்டையில சிந்திடுச்சி. பரவால்லம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாரு. அவர் பின்னாடி ஒவ்வொருத்தரா வந்தாங்க. சில பேரு சாப்பிடாமலே போயிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் ஊட்லருந்து டிபன் பாக்ஸ் தான். என் வேலை போச்சுன்னு தான் நெனச்சேன், அன்புசெல்வன் ரெண்டு நாள் பேசல, அப்புறம் அவரே ஃபுல்மணிகிட்ட வாங்கி சாப்ட்டாரு.

அதனால சொல்றேன், ரூம் மாத்திக்கினு போவாத. நடந்ததை எழுதி பெரிய டாக்டர்கிட்ட குடு, கூட வேலை பாக்கறவங்ககிட்ட வாய் விட்டு சொல்லு. அந்தப் பெரியவருக்கு ஊசி போடறப்போ மட்டும் கோவத்தை வெளிய வெச்சிட்டுப் போ, அவரும் வலியில கெடக்கறவரு தான்.

முந்தாநாள் புதுசா வேலைக்கு வந்த ஆளு ஒருத்தரு போன்ல யார்கிட்டயோ பேசிக்கினே வந்து, ஆள் கம்மியா இருந்த ஃபுல்மணி பக்கமா தட்டை நீட்டி சோறு வாங்கினு, பேசிக்கினே போயிட்டாரு. போட்டது யாருன்னு நிமிர்ந்து கூட பாக்கல, அவருக்கு அது வெறும் சோறு தான். எனக்கு அப்போ தான் கண்ணு கலங்கிச்சி.

காதுக்குக் குல்லா போட்டுக்கோ, கருவாடு பார்சல்ல வருது. இயேசப்பா உன் ரெண்டு கையையும் ஆசீர்வதிக்கட்டும். நைனாவோட முத்தமும் இதுல கீது.

உன்னைப் பெத்த அம்மா,
தே. ஞானம்மா