ஆடி கழியும்வரை பழைய ரவுட்டர்

ஜூன் 23, திங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியின் வரலாற்றில் இன்று பொன்னாள். நிர்வாகக் குழு ஒன்றேகால் மணி நேரம் விவாதித்து, ரவுட்டருக்கு ஒரு மேசை விசிறி ஒதுக்குவதென ஒருமனதாகத் தீர்மானித்தது. விசிறி எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்குக் கருத்து வேறுபாடு. அதுவும் பதிவாகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நான் விசிறி கேட்கவில்லை. அந்த ரவுட்டரைத் தயாரித்த கம்பெனியே அதைக் கைவிட்டுவிட்டது, இனி எந்த ஓட்டை தெரிந்தாலும் அடைக்க மாட்டார்கள், கழற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். சூடாகிறது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். குழு படித்தது அந்த வரியை மட்டும்.

ஜூன் 30

மேனேஜர் காசிராஜனை நேரில் பார்த்தேன்.

“ஏன் வே, நல்லா ஓடுத மெஷினை எதுக்குக் கழத்தணும்? பச்சை லைட்டு எரியுதுல்லா?”

“திருடன் உள்ள வந்தாலும் பச்சைதான் எரியும் அண்ணாச்சி.”

“நம்மகிட்ட திருட என்ன வே இருக்கு? பெட்ஷீட்டா?”

ஜூலை 3, வியாழன்

டயாலிசிஸ் நர்ஸ் ஜன்னதுல் பிர்தௌஸ் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளாண்டும் இந்த ரவுட்டரின் வலையில்தான் இருக்கிறது, விற்றவர்கள் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ள வசதியாக.

“அது நின்னா டயாலிசிஸே கிடையாது அண்ணாச்சி. நம்ம ஊரு உப்புத் தண்ணியை வச்சு ரத்தத்தைக் கழுவ முடியுமா?”

பசுவந்தனையிலிருந்து திங்களும் வியாழனும் பஸ்ஸில் வருகிற வெயிலம்மாள், கட்டிலில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “என்னட்டி, மெஷினுக்குச் சீக்கா?”

“உங்களுக்குத்தான் சீக்கு. பேசாமப் படுங்க.”

ஜூலை 18

நானும் நர்ஸும் நச்சரித்ததில் ஒருவழியாகப் புது ரவுட்டர் வந்து இறங்கியது. நேற்று ஆடி பிறந்துவிட்டது. காசிராஜன் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பிரிக்காமல் தன் பீரோமேல் ஏற்றிவிட்டார்.

“ஆடியில கல்யாணம் வைப்பீரா? பிறகு இதை மட்டும் எப்படி வே வைக்க?”

“ஆடிப்பெருக்கு நல்ல நாளாச்சே?”

“அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. லீவு.”

ஆவணி நாலாம் தேதி, புதன் காலை முகூர்த்தம். அதுவரை தண்ணீர் பிளாண்டை மட்டுமாவது வலையிலிருந்து பிரித்து வைக்கிறேன் என்றேன். தொட்டால் வாரண்டி போய்விடுமாம்.

ஜூலை 29

வெளிநாட்டிலிருந்து யாரோ ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். இரவு, பகல், சாப்பாட்டு நேரம் எதுவும் கிடையாது. இவ்வளவு பொறுப்பாக வேலை பார்க்கும் ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை.

ஆகஸ்ட் 6

முயற்சி நின்றுவிட்டது.

“பாத்தீரா, அலுத்துப் போய்ட்டான்” என்றார் காசிராஜன்.

அலுத்துப் போனானா? உள்ளே வந்துவிட்டவன் எதற்குக் கதவைத் தட்டுவான்? சொன்னேன். காப்பி வாங்கிக் கொடுத்தார்.

பெட்டி பீரோமேலதான் இருக்கு. எட்டி எடுத்து மாட்ட அரை மணி போதும். மாட்டினா வேலை போகும் — போகட்டுமே? போகட்டும்னு எழுத வருது. மாட்ட வரலையே.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் எல்லாத் திரையிலும் பணம் கேட்டு ஒரே மிரட்டல். பிழையில்லாத ஆங்கிலம், எங்கள் சுற்றறிக்கைகளைவிடத் தெளிவு. பிளாண்ட் நின்றுவிட்டது.

டயாலிசிஸுக்கு வந்தவர்களைத் தூத்துக்குடிக்குப் போகச் சொன்னோம். போக வழியில்லாதவர்களை வியாழக்கிழமை வரச் சொன்னோம்.

“வியாழன்னா வியாழன்” என்று வெயிலம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கால் வீங்கியிருந்தது.

“இப்ப அந்தப் பெட்டியைப் பிரிச்சு மாட்டினாச் சரியாயிருமா வே?”

“இல்ல அண்ணாச்சி.”

ஆகஸ்ட் 14, வியாழன்

பிளாண்ட் இன்னும் ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்த வெயிலம்மாளை ஆம்புலன்ஸில் தூத்துக்குடிக்கு அனுப்பினோம். எட்டயபுரம் தாண்டியதும் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது; கூடப் போன மகன் சொன்னதால், வண்டியைப் பசுவந்தனைக்குத் திருப்பினார்கள்.